ஊரே பார்த்த தொடருக்கு ரேட்டிங் ஏன் வரவில்லை?

கடையம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் ஆச்சி, அம்மா, மதினி மூன்று பேரும் பீடி சுற்றிக்கொண்டே இரவு 9.30 மணிக்கு ஒரு துப்பறியும் தொடர் பார்த்து வந்தார்களாம். திடீரென்று அதை 10.30க்குத் தள்ளினார்கள். இரண்டு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் பழைய சினிமா ஓடியது, அதோடு சரி. கொலைகாரன் யார் என்று சொல்லவே இல்லை. "எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் இதுதான் ஓடிச்சு. பிறகு எப்படி ரேட்டிங் இல்லைங்கிறாங்க அண்ணாச்சி? எங்ககிட்ட யாராவது வந்து கேட்டாங்களா?" என்பது அவர் கேள்வி.

நான் தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு கேபிள் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தேன். அதன் பிறகு பதினைந்து வருடம், நெல்லையிலும் தூத்துக்குடியிலும் உள்ள கடைகளுக்கு டிவியில் விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் வேலை. பார்க்கிறவர்கள் பக்கமும் தெரியும், நேரத்தை விற்கிறவர்கள் பக்கமும் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேர்ப் பதில். உங்கள் தெரு பார்த்தது உண்மை. ரேட்டிங் குறைந்ததும் பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிகிறதே, அதுதான் எனக்கு இத்தனை வருடமாக ஆறாத விஷயம்.

யாராவது வந்து கேட்டார்களா என்றால், வரமாட்டார்கள். இந்தியாவில் டிவி பார்ப்பதை அளப்பது பார்க் இந்தியா. சேனல்காரர்கள், விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகள், விளம்பர ஏஜென்சிகள் மூன்று தரப்பும் சேர்ந்து வைத்த அமைப்பு. 2015இல் கணக்கு வெளியிட ஆரம்பித்தார்கள். அந்த வருடம் அக்டோபரில்தான் கிராமங்கள் கணக்கில் சேர்ந்தன. அதற்கு முந்தைய அளவீடு நகரங்களோடு நின்றுவிட்டது. ஆக, அதற்கு முன் கடையத்துப் பக்கத்தில் எத்தனை ஆயிரம் பேர் எதைப் பார்த்திருந்தாலும் அது அந்தக் கணக்கில் ஏறியதில்லை.

2025 நிலவரப்படி நாடு முழுக்க சுமார் 58,000 வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். டிவி உள்ள வீடுகள் 2020இல் போட்ட மதிப்பீட்டின்படி 21 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு மீட்டர் வீடு சராசரியாக 3,600 வீடுகளுக்காகப் பேசுகிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது, எந்த வீடு என்பதை ரகசியமாக வைத்திருப்பார்கள். தெரிந்துவிட்டால் காசைக் கொடுத்து, இந்தச் சேனலையே ஓடவிடு என்று சொல்ல ஆள் வந்துவிடும். அப்படி நடந்ததாகத்தான் 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் விசாரணையில் இறங்கியது. அதை ஒட்டி செய்திச் சேனல்களின் ரேட்டிங்கை நிறுத்தி வைத்து, 2022 மார்ச்சில்தான் மறுபடி வெளியிட்டார்கள்.

மாதிரி எடுத்து அளப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாமே பார்க்கிறோம். தமிழ்நாடு முழுமைக்கும் பதம் பார்க்க இந்த மீட்டர்கள் போதும். நெல்லைச் சீமைக்கு மட்டும் தனியாக என்ன நிலவரம் என்று கேட்டால் போதாது. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் ஜனத்தொகையே நாலே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரேட்டிங் அட்டவணையில் நாம் 'பத்து லட்சத்துக்குக் கீழ்' என்ற வரிசையில் தமிழ்நாட்டின் இன்னும் பல ஊர்களோடு கலந்து கிடப்போம். கடையம் பக்கத்துக் கிராமங்கள் கிராமம் என்ற கணக்கில் போகும். முக்கூடலும் ஆலங்குளமும் விரும்பிப் பார்க்கும் தொடர் என்று தனியாக ஒரு வரி அந்தத் தாளில் வராது.

சரி, மீட்டர் எதை அளக்கிறது? இதைத்தான் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சேனலின் ஒலிக்குள்ளும் நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு பதிக்கப்பட்டிருக்கும். மீட்டர் அந்த ஒலியைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன் உண்டு. டிவி முன்னால் உட்காரும்போது அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்க வேண்டும். மடியில் பீடித்தட்டும் விரலெல்லாம் புகையிலைத் தூளுமாக உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மா, ஒவ்வொரு தடவையும் பட்டனை ஞாபகமாக அமுக்குவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தக் கணக்கு. நூறு வீடு இருக்கிறது, அரை மணி நேரத் தொடர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொடரைப் பத்து வீடுகள் எழுந்திருக்காமல் முப்பது நிமிடமும் பார்க்கின்றன. மொத்தம் 300 நிமிடம். இன்னொரு தொடரை முப்பது வீடுகள் சேனல் மாற்றி மாற்றி பத்துப் பத்து நிமிடம் பார்க்கின்றன. அதுவும் 300 நிமிடம். இரண்டுக்கும் ஒரே ரேட்டிங்தான். சராசரியாக ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் ரேட்டிங். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த பத்து வீடும், வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போன முப்பது வீடும் அதற்கு ஒன்று.

குடும்பத் தொடருக்கு இந்தக் கணக்கு பாதகமில்லை. மாமியார் மருமகள் சண்டையைப் பத்து நிமிடம் பார்த்தாலும் புரியும், பத்து நாள் விட்டுப் பார்த்தாலும் புரியும். துப்பறியும் கதையை அப்படிப் பார்க்க முடியாது. திங்கட்கிழமை வாசலில் ஒரு செருப்பைக் காட்டுவார்கள், வியாழக்கிழமை அது யாருடையது என்று தெரியும். செவ்வாயன்று பாதியில் உள்ளே வந்தவருக்கு ஒன்றும் விளங்காது, அடுத்த சேனலுக்குப் போய்விடுவார். ஆக, இந்த வகைத் தொடருக்கு வருகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆனால் வந்தவர்கள் நகர மாட்டார்கள். அந்த நகராமல் இருப்பதற்கு ரேட்டிங் தாளில் கூடுதல் மதிப்பு எதுவும் கிடையாது.

நம் பக்கத்துக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் டிவியைப் 'பார்க்கிறார்கள்' என்று சொல்வதே பாதிதான் சரி. இலையை வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நூல் கட்டும்போது கண் தட்டில் இருக்கும், காதுதான் டிவியில் இருக்கும். குடும்பத் தொடரைக் காதால் முழுசாகப் பார்த்துவிடலாம், எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசிவிடுவார்கள். துப்பறியும் தொடரில் அந்தச் செருப்பைச் சத்தமில்லாமல் பத்து விநாடி காட்டினால், ஆயிரம் பீடிக்கு ஓடுகிற கைக்கு அது தவறிப்போகும். பேத்தியைக் கூப்பிட்டு "என்னத்தக் காட்டுதான்?" என்று கேட்பார்கள். நம் தொடர்களில் போலீஸ் அதிகாரி தான் கண்டுபிடித்ததையெல்லாம் தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொள்வதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. வேலை செய்துகொண்டே கேட்கிற லட்சக்கணக்கானவர்களுக்கு அது ஒரு உதவி.

கண்ட்ரோல் ரூமில் இருந்த காலத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் கேபிள் லைனில் ஏதாவது கோளாறு வரும். குடும்பத் தொடர் ஓடும்போது போனால் நாலைந்து போன் வரும், சரி செய்து விடுவோம், மறந்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை வரும் மர்மத் தொடர் ஒன்று அப்போது ஓடியது. ஒருநாள் அதன் நடுவில் இருபது நிமிடம் லைன் போய்விட்டது. போன் நிற்கவே இல்லை. மறுநாள் காலையில் கண்ட்ரோல் ரூம் வாசலுக்கே நாலு பெண்கள் வந்து, என்ன நடந்தது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது, நான் கம்பத்தில் ஏறி நின்றிருந்தேன். அன்றிலிருந்து அந்தத் தொடரை நானும் விடாமல் பார்க்க ஆரம்பித்தேன், கேட்டால் சொல்ல வேண்டுமே என்று. வாரத்துக்கு ஒரு தடவை என்பதால் ஏழு நாளும் அடுத்து என்ன என்று தெருவில் பேச்சு ஓடும். அந்தப் பேச்சும் பார்ப்பதில் சேர்த்திதான்.

இப்போது உங்கள் தொடரின் நேரத்துக்கு வருவோம். 9.30லிருந்து 10.30 என்பது கடிகாரத்தில் ஒரு மணி நேரம், நம் ஊரில் அது ஒரு இரவு. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்கிற நெல் பருவங்களில் நடவோ அறுப்போ நடக்கிற நாட்களில் விடிவதற்கு முன்பே எழ வேண்டியவர்கள் பத்து மணிக்குப் படுத்துவிடுவார்கள். பீடி சுற்றுகிறவர்களும் மறுநாள் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிற கட்டை முடித்துவிட்டுச் சாய்வார்கள். 9.30க்கு முன்னால் ஓடுகிற குடும்பத் தொடர் கூட்டத்தைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். சேனலை மாற்றாமல் அப்படியே அடுத்த தொடருக்கும் பலர் இருப்பார்கள். 10.30க்குப் போனால் அந்தத் துணையும் போய்விடும்.

ஏன் தள்ளுகிறார்கள்? ரேட்டிங் வாரம் சனி முதல் வெள்ளி வரை, அதற்கான எண்கள் அடுத்த வியாழக்கிழமை வரும். டிவி விளம்பரத்தின் விலை பத்து விநாடிக்கு இவ்வளவு என்று பேசப்படுவது, அந்த விலை ரேட்டிங் புள்ளியோடு கட்டப்பட்டது. கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விற்கிற விளம்பரம் 10 நிமிடத்துக்கு மேல் கூடாது. ஆக, அரை மணி நேரத் தொடருக்கு ஐந்து நிமிடம்தான் கடைச்சரக்கு. அந்த ஐந்து நிமிடத்துக்கு 9.30 மணியில் குடும்பத் தொடர் கூடுதல் விலை கொண்டுவரும் என்றால், துப்பறியும் தொடர் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அதோடு, ரத்தக் காட்சி வரும் தொடரை எல்லா விளம்பரக்காரர்களும் விரும்ப மாட்டார்கள். நான் நேரம் வாங்கிக் கொடுத்த மசாலாக் கம்பெனிக்காரர் ஒருவர், பிணம் காட்டுகிற இடத்துக்கு அடுத்தாற்போல் தன் மஞ்சள்தூள் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சேனல்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்குவிதியும் பெரியவர்களுக்கான நிகழ்ச்சியை இரவு 11 முதல் காலை 5 வரை என்று ஒதுக்குகிறது. கொஞ்சம் கடுமையான கதை என்றாலே ராத்திரிப் பக்கம் தள்ளுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நேரத்தை மாற்றிய செய்தி உங்களுக்கு எப்படி வந்தது என்று யோசியுங்கள். அதே சேனலில் அடியில் ஒரு எழுத்தோட்டம் ஓடியிருக்கும். காதால் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? 9.30க்கு டிவியைப் போட்டு வேறு தொடர் வந்ததும், நின்றுவிட்டது போல என்று விட்டவர்கள் பலர் இருப்பார்கள். அடுத்த வியாழக்கிழமை எண் இறங்கியிருக்கும். மாற்றியதால் குறைந்ததை, குறைந்ததால் மாற்றினோம் என்று எழுதி வைப்பார்கள். அதன் பிறகு ஞாயிறு, அதன் பிறகு பழைய சினிமா. இந்த வரிசையை எத்தனையோ தொடர்களில் பார்த்துவிட்டேன். ஒரு தடவை நேரம் மாறிய துப்பறியும் தொடர் பழைய பலத்துக்குத் திரும்பி வந்து நான் பார்த்தது மிக அபூர்வம்.

பாதியில் அறுந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். தமிழ் டிவியில் நெடுங்காலமாக ஒரு முறை உண்டு. தயாரிப்பாளர் சேனலிடம் அந்த அரை மணி நேரத்தை வாடகைக்கு எடுப்பார், விளம்பர நேரத்தை அவரே விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்வார். விளம்பரம் வரவில்லை என்றால் வாடகையும் கட்ட வேண்டும், படப்பிடிப்புச் செலவும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கை சோர்ந்துவிடும். இப்படி நின்ற தொடர்களுக்குக் கடைசி எபிசோட் எடுக்கக்கூடப் பணம் இருந்திருக்காது. கதை தெரிந்த ஒரே ஆள் வசனம் எழுதியவராக இருப்பார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' என்ற போலீஸ் தொடர் 1981 ஜனவரியில் என்பிசி சேனலில் தொடங்கியது. முதல் சில மாதங்களில் அதை வாரத்தின் பல நாட்களுக்கு மாற்றி மாற்றிப் போட்டார்கள், ரேட்டிங் படுத்துக் கிடந்தது. ஆனாலும் சேனல் அதை நிறுத்தவில்லை. அந்த வருடமே, டிவி நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கிற எம்மி விருது எட்டு வாங்கியது. வியாழன் இரவு என்று ஒரு இடத்தில் நிலைத்த பிறகு கூட்டம் வந்து சேர்ந்தது, 1987 வரை ஓடியது. கையில் எண் இல்லாதபோதும் ஒரு சேனல் காத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைத்தான் எல்லோரிடமும் சொல்வேன்.

'லாங்மயர்' கதை வேறு மாதிரி, உங்கள் ஆச்சிக்கு நெருக்கமானது. ஷெரீஃப் என்கிற மலைப்பகுதிப் போலீஸ் அதிகாரி ஒருவரைப் பற்றிய அமெரிக்கத் துப்பறியும் தொடர். நல்ல கூட்டம் பார்த்தது. ஆனால் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அங்கே விளம்பரக்காரர்கள் அதிக விலை கொடுப்பது 18 முதல் 49 வயதுக்காரர்களுக்கு. 2014இல் மூன்றாவது சீசனோடு ஏ அண்ட் ஈ சேனல் அதை நிறுத்தியது. பிறகு நெட்ஃபிளிக்ஸ் எடுத்து இன்னும் மூன்று சீசன் போட்டு 2017இல் கதையை முறையாக முடித்தது. நம் நாட்டில் வயதோடு இன்னொரு வடிகட்டியும் உண்டு: குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிக்கிறவரின் படிப்பு, வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்பதை வைத்து வீடுகளைத் தரம் பிரிப்பார்கள். பைக், ஏசி, நகை விளம்பரக்காரர்கள் மேல் தரத்து எண்ணை மட்டும் கேட்டு வாங்குவார்கள். பீடி சுற்றும் வீடு அளவுக்குள் வந்தாலும் விலைக்குள் வராமல் போகிற இடம் அது. நானே அந்த எண்ணைக் கேட்டு நேரம் வாங்கியிருக்கிறேன். என் தொழில் அது. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தத் தாளில் இல்லாதவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

நம் ஊரில் கதை சொல்வதற்கு வேறொரு வழக்கம் இருந்ததையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு வைப்பார்கள். கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகள் அதில் நிறைய. உங்களுக்குப் பக்கத்தில் பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் நிற்கிற பட்டவராயனின் கதையும் அப்படிப்பட்டதுதான். யார் கொன்றார்கள் என்பது உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் முன்பே தெரியும். இருந்தாலும் ராத்திரி முழுக்கக் கேட்பார்கள். பாதிக் கூட்டம் தூங்கிவிட்டாலும் கதையை முடிக்காமல் வில்லை இறக்கமாட்டார்கள், சாமிக்குக் குறை வைத்ததாகிவிடும். அந்த ஊர்க்காரர்களிடம் போய்க் கொலைகாரனைச் சொல்லாமலே கதையை நிறுத்தினால் கோபம் வரத்தான் செய்யும். உங்கள் ஆச்சியின் கோபம் முழுக்க நியாயமானது.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டால், மீட்டர் இல்லாத வீட்டில் நீங்கள் சரியான நேரத்துக்கு டிவியைப் போட்டாலும் போடாவிட்டாலும் ரேட்டிங்கில் ஒன்றும் மாறாது. அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சேனலின் மொபைல் ஆப்பில் பார்ப்பது டிவி ரேட்டிங்கில் சேராது, ஆனால் எந்த எபிசோடை எத்தனை பேர் கடைசி வரை பார்த்தார்கள் என்று சேனலுக்கே நேரடியாகத் தெரியும். அங்கே உங்கள் வீடு ஒரு வீடாகவே கணக்கில் வரும். அதனால் அடுத்த தடவை பிடித்த துப்பறியும் தொடர் வந்தால் மதினியின் போனில் அந்த ஆப்பிலும் பாருங்கள். பழைய தொடரின் ஒளிபரப்பாகாத எபிசோடுகள் அதிலோ யூடியூபிலோ கிடக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள், சில சமயம் போட்டு வைத்திருப்பார்கள்.

சேனலுக்குக் கடிதமும் எழுதுங்கள். தெருவே கையெழுத்துப் போட்டு எழுதுங்கள். அமெரிக்காவில் இரண்டு பெண் போலீஸ்காரர்களைப் பற்றிய 'கேக்னி அண்ட் லேசி' தொடரை 1983இல் சிபிஎஸ் சேனல் நிறுத்தியது. பார்த்தவர்கள் எழுதிய கடிதங்கள் குவிந்தன. 1984இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். உங்கள் கடிதத்தில் தொடரை நீட்டச் சொல்லிக் கேட்க வேண்டாம். கடைசியாக ஒரு எபிசோட் எடுத்து முடிவைச் சொல்லுங்கள், இனி நேரத்தை மாற்றினால் ஒரு வாரம் முன்பே வாய்விட்டு அறிவியுங்கள் என்று கேளுங்கள். இரண்டும் அவர்களால் முடியக்கூடியவை.

அதுவரை ஆச்சிக்கு ஒரு கதை வேண்டுமென்றால், முழுசாக முடிந்த தொடராகத் தேர்ந்தெடுங்கள். 2022இல் வந்த 'விலங்கு' ஏழு எபிசோட், அதே வருடம் வந்த 'சுழல்' முதல் சீசன் எட்டு எபிசோட். இரண்டுமே ஒரே நாளில் மொத்தமாக வெளியானவை, நடுவில் யாரும் நேரத்தை மாற்ற முடியாது. இரண்டிலும் கடுமையான காட்சிகள் உண்டு, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பீடிக்கடை லீவு நாளில் போடுங்கள். அன்றைக்கு மடியில் தட்டு இருக்காது, எந்த வாசலில் எந்தச் செருப்பு கிடக்கிறது என்று ஆச்சியே பார்த்து உங்களுக்குச் சொல்லிவிடுவார்.